ஆடியில் தொட்டி, தையில் அனிமோன்: கொங்கு நாட்டில் கடல் தொட்டி தொடங்குபவர்களுக்கு

திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறேன். துணியில் ஏறிய சாயம் நிற்குமா, ஓடுமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கே சாயம் ஏற்றிய அனிமோனை ஒரு கடையில் விற்றுவிட்டார்கள். எலுமிச்சை மஞ்சளில் தகதகவென்று இருந்தது. பதினோராம் நாள் குழைந்து நாற்றமெடுத்து, கூட இருந்த இரண்டு மீன்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது அனிமோன் அலை மோட்டாருக்குள் போய் அரைபட்டது. மூன்றாவது இரண்டு வருடம் தாண்டி நன்றாக இருக்கிறது, நடுவில் ஒருமுறை இரண்டாகப் பிரிந்தும் விட்டது.

கடல் சாமந்தி என்று தமிழில் அழகான பெயர் இருக்கிறது. கடையில் போய் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள், ஆகவே இங்கே அனிமோன் என்றே எழுதுகிறேன். பூ மாதிரி இருந்தாலும் இது விலங்கு. வாய் உண்டு, கால் உண்டு, நடக்கும், கொட்டும். நன்னீர்த் தொட்டியில் தங்கமீன் வளர்த்த அனுபவம் இங்கே கால்வாசிகூடக் கைகொடுக்காது.

1. எந்த அனிமோன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு ஒரே பதில்தான்: பபிள் டிப். விரல்களின் நுனியில் குமிழ் மாதிரி உப்பியிருக்கும். பாறை இடுக்கில் காலை ஊன்றிக்கொள்ளும். தொட்டியிலேயே பிரிந்து பெருகுவதால் கடலிலிருந்து எடுக்காத குட்டிகள் கிடைக்கின்றன.

கார்ப்பெட் அனிமோன் விலை குறைவு என்று சொல்லித் தருவார்கள். நம் பாக் நீரிணைப் பக்கமே இருக்கும் இனம்தான். ஆனால் அது மணலில் கால் புதைத்து, ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் அகலமாக வளரக்கூடியது. தூங்கும் மீனைப் பிடித்துச் சாப்பிட்டுவிடும். மூன்று அடித் தொட்டிக்கு அது வேண்டாம். மேக்னிஃபிசென்ட் வகையை இரண்டு மூன்று வருட அனுபவத்துக்கு முன் தொடவே கூடாது.

கோமாளி மீன் இருக்கிறதே, அதற்கு அனிமோன் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் அனிமோனையே பார்க்காமல் ஆயுள் முழுக்க வாழும். சின்ன அனிமோனாக இருந்தால் அதன் மேல் புரண்டு புரண்டு அதைச் சுருங்க வைப்பதும் இந்த மீன்தான்.

2. செலவுக் கணக்கு

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே ஒரு சம்ப், அதாவது கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி. பாறை போக மொத்தம் 190 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. எனக்கு ஆனது இது, உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்:

தொட்டி, சம்ப், ஸ்டாண்டு: 16,000 ரூபாய்
எல்இடி லைட்: 9,000
புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுப்பது): 8,000
தண்ணீர் ஏற்றும் மோட்டார், இரண்டு அலை மோட்டார்: 7,000
சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது): 22,000
டிஐ ரெசினோடு (ஆர்ஓ விட்டுவைத்த உப்பை எடுப்பது) ஆர்ஓ: 8,000
செயற்கைப் பாறை, மணல்: 7,000
டெஸ்ட் கிட், ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பின் அளவைப் பார்ப்பது): 7,500
உப்பு 20 கிலோ: 5,500

கூட்டினால் 90,000. இதில் அனிமோன் இல்லை, மீன் இல்லை. அனிமோனுக்கு நான் கொடுத்தது 3,500. அதாவது மொத்தப் பணத்தில் 25-ல் ஒரு பங்குகூட அது இல்லை. முதல் முறை நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். உயிரை முதலில் வாங்கிவிட்டு, சில்லரை அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உப்பு ஒரு லிட்டருக்கு சுமார் 37 கிராம் போகும். 190 லிட்டருக்கு 7 கிலோ. அப்புறம் வாரம் 20 லிட்டர் மாற்றினால் மாதம் 3 கிலோ. ஆக முதலில் வாங்கிய 20 கிலோ நான்கு மாதம் வரும்.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் சண்டை வருவது இங்கேதான். இரண்டு மாத பில்லுக்கு லைட் 38 யூனிட், மேலேற்றும் மோட்டார் 36, அலை மோட்டார்கள் 29, ஸ்கிம்மர் 22. கோடையில் சில்லர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இன்னொரு 96. மொத்தம் 220 யூனிட்டைத் தொடும். உங்கள் வீடு ஏற்கனவே 300 யூனிட் எடுக்கிறது என்றால் கோடையில் 500-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். “ஏன் கண்ணு, ஒரு பூவுக்குப் போயி இத்தன கரண்டா?” என்று எங்கம்மா கேட்டதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை. வாங்கும் முன் கடைசி மூன்று பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள்.

3. தண்ணீர்

போர் தண்ணீர் கூடவே கூடாது. சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதுவும் கூடாது, குளோரின் இருக்கும். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சுழியம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. வீட்டில் குடிக்கிற ஆர்ஓ இருக்கிறதே, போதாதா என்று தோன்றும். ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் அமைப்பு அதில் பலவற்றில் இருக்கும். அளந்தால் 40, 60 என்று காட்டும். அதற்குப் பின்னால் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டி, அந்தக் கலக்கும் திருகையும் மூடினால்தான் சுழியம் வரும். மீட்டர் 1 காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள்.

கொச்சிக்குப் போகிற வண்டியில் கடல் தண்ணீரையே கேனில் கொண்டுவரலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கரையோரத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மழைக்காலத்தில் உப்பும் குறைந்திருக்கும். வேண்டாம்.

நோட்டில் எழுதி வைக்க வேண்டிய அளவுகள்: வெப்பம் 25 முதல் 27 டிகிரி, அடர்த்தி (உப்பின் அளவைக் காட்டுவது) 1.025 முதல் 1.026, பிஹெச் 8.1 முதல் 8.4, கேஎச் (காரத்தன்மை) 8 முதல் 10, கால்சியம் 400 முதல் 450, நைட்ரேட் 10-க்குள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம். நைட்ரேட் சுத்தமாக இல்லாமல் போவதும் நல்லதல்ல, 2 முதல் 5 வரை இருந்தால் நிம்மதி. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது. 35 என்று (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) குறித்த திரவம் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள், அதில் சரிபாருங்கள். என்னுடையது மூன்று புள்ளி தப்பாகக் காட்டியது எனக்கே நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

4. பாறையும் பில்லும்

கடையில் ‘லைவ் ராக்’ என்று பவளப் பாறைத் துண்டைக் காட்டினால் வாங்காதீர்கள். பாறைப் பவளம், விசிறிப் பவளம், கடற்குதிரை, கடல் வெள்ளரி எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பவை. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டாக இருந்தாலும் குற்றம்தான், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. “எல்லாரும் வெச்சிருக்காங்கண்ணா” என்பது வனத்துறைக்காரரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. சிமெண்டிலோ செராமிக்கிலோ செய்த செயற்கைப் பாறை போதும். ஆறு மாதத்தில் அதன் மேல் பாசி படர்ந்து அசல் மாதிரியே ஆகிவிடும்.

அனிமோன் பவளம் இல்லை. ஆனாலும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி எதையும் எடுக்க அனுமதி கிடையாது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பில்லில் இனத்தின் பெயர், தேதி, தொட்டியில் பிரிந்த குட்டியா என்பது மூன்றும் எழுதி வாங்குங்கள். சில்லருக்கும் லைட்டுக்கும் வாரண்டி சீட்டில் கடை முத்திரை இருக்கட்டும். எனக்கு லைட் எட்டாம் மாதம் எரிந்தபோது முத்திரை இல்லாததால் 9,000 போனது போனதுதான்.

5. ஆறு மாதம் காத்திருங்கள்

பட்டம் தேடி விதைப்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே. ஆடியில் தொட்டியைத் தொடங்குங்கள், தையில் அனிமோனை விடுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு லாபம். தொட்டி பழக ஆறு மாதம் கிடைக்கிறது, அனிமோன் பயணம் செய்து வரும்போது ஊரும் குளிர்ந்திருக்கும். பங்குனி, சித்திரையில் பார்சல் பையில் வந்த அனிமோன் பாதி வெந்துதான் வரும்.

முதல் ஆறு வாரம் தொட்டியில் பாறை, மணல், உப்புத் தண்ணீர் மட்டும். ஒரு துண்டு இறாலைப் போட்டால் அழுகி அம்மோனியா ஏறும். அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கும் வரை வேறு எதையும் விடக் கூடாது. இரண்டாம் மாதம் நத்தைகள், மூன்றாம் மாதம் ஒரு ஜோடி மீன். இடையில் பழுப்புப் பாசி, பச்சைப் பாசி எல்லாம் வந்து அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மருந்து ஊற்றாதீர்கள்.

இந்த மாதங்களில் உங்கள் வேலை அளந்து எழுதுவது. கேஎச்சும் அடர்த்தியும் எட்டு வாரம் தொடர்ந்து ஒரே இடத்தில் நின்றால் தொட்டி தயார். நீங்கள் தயார் என்பதற்கும் அதுதான் அத்தாட்சி.

6. வெயிலும் மின்தடையும்

கடலோர ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. காற்று காய்ந்த காற்று. தண்ணீர் மட்டத்தில் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் எனக்குச் சில்லர் ஓடுவதே இல்லை. கோயமுத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் ஃபேனிலேயே வருடத்தில் பாதியை ஓட்டிவிடலாம். கரூர், ஈரோடு, சேலத்துக்காரர்கள் கத்திரி வெயிலுக்குச் சில்லர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகும், எனக்கு நாளுக்கு மூன்று லிட்டர். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நான் பழனிக்கு நடந்து போன நான்கு நாளில் வீட்டில் நல்லெண்ணத்தோடு உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பியிருந்தார்கள். இப்போது இரண்டு கேன்களுக்கும் வேறு வேறு நிற மூடி.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் வரை கரண்ட் போகுமே, அந்த அறிவிப்பை முந்தின நாளே பேப்பரில் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஒரு அலை மோட்டாரையும் ஒரு காற்று மோட்டாரையும் மட்டும் இணையுங்கள். சில்லரை இணைத்தால் மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். சித்திரையில் என்றால், தண்ணீர் பாட்டிலை முந்தின இரவே ஃப்ரீசரில் உறைய வைத்து சம்பில் மிதக்க விடுங்கள்.

சாம்பிராணி, கொசு மருந்து, ரூம் ஸ்பிரே மூன்றையும் அந்த அறையில் நிறுத்துங்கள். ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் கலக்கிறது. ஆயுத பூசைக்குச் சில்லருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கட்டும், பரவாயில்லை. மூடிக்குமேல் பூ வைக்க விடாதீர்கள்.

7. கடையில் என்ன பார்க்க வேண்டும்

இங்கே அவசரப்படாதீர்கள், பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

நிறம். அனிமோனின் உடலுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதைத்தான் அனிமோன் பெரும்பாலும் சாப்பிடுகிறது. அந்தப் பாசியின் நிறம் பழுப்பு. ஆகவே நல்ல அனிமோனில் பச்சையோ சிவப்போ இருந்தாலும் அடியில் ஒரு பழுப்புச் சாயல் தெரியும். பால் வெள்ளையாக இருந்தால் பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். வெள்ளையானதை விற்க முடியாதபோதுதான் சாயத்தில் முக்குகிறார்கள். எலுமிச்சை மஞ்சள், பளீர் ரோஸ், பேனா மை நீலம், அதுவும் வாய், விரல், கால் எல்லாம் ஒரே சீராக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நான் “ஏனுங்கண்ணா, இது ஒரிஜினல் கலருங்களா?” என்று கேட்டேன். “சந்தேகமே வேண்டாமுங்க” என்றார். பட்டறையில் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன்.

வாய். இறுக மூடியிருக்க வேண்டும். ஆவென்று திறந்து உள்ளிருப்பது வெளியே பிதுங்கியிருந்தால் வேண்டாம்.

கால். கண்ணாடியிலோ பாறையிலோ ஒட்டியிருக்க வேண்டும். தரையில் உருண்டு கிடப்பதை வாங்கக் கூடாது. கடைக்காரர் பிடுங்கி எடுக்கும்போது கால் கிழிந்தால் பிழைப்பது கடினம். முடிந்தால் ஒட்டியிருக்கும் பாறைத் துண்டோடு வாங்குங்கள், நூறு இருநூறு கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

கேட்டுப் பார்த்தால் கோயமுத்தூரிலேயே தொட்டி வைத்திருப்பவர்களிடம் பிரிந்த குட்டி கிடைக்கும். என் மூன்றாவது அப்படி வந்ததுதான். கொடுத்தவர் ஒரு சீட்டில் அவர் தொட்டியின் அடர்த்தி, கேஎச், லைட்டின் அளவு, கடைசியாக என்ன தீனி என்று எழுதித் தந்தார். எந்தக் கடை பில்லையும்விட அந்தச் சீட்டு உதவியது.

8. கொண்டு வந்து விடுவது

சென்னையில் வாங்கினால் சேரன் எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு வண்டியில் தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவதே மேல். பார்சலில் போட்டால் எங்கே எத்தனை மணி நேரம் வெயிலில் கிடக்கும் என்று தெரியாது.

பையை மூடியபடியே இருபது நிமிடம் சம்பில் மிதக்க விடுங்கள். அப்புறம் ஒரு வாளியில் ஊற்றி, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு தண்ணீரின் அடர்த்தியும் சமமானதும் நிறுத்தலாம். இரவு முழுக்கப் பயணம் செய்த பையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். திறந்ததும் பைத் தண்ணீரில் தேங்கிய அம்மோனியா கடுமையாகும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

கையுறை போட்டு, கையால் ஏந்தி, நடு உயரத்தில் இடுக்குள்ள பாறையில் கால் உள்ளே போகும்படி வையுங்கள். அலை மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், பிடித்துக்கொள்ளும். லைட்டை முதல் வாரம் பாதிக்கும் கீழே வைத்து, மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள்.

9. முதல் பத்து நாள்

அது நடக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த இடத்தில் நிற்காது. இரவில் கிளம்பி, வெளிச்சமும் ஓட்டமும் தனக்குப் பிடித்த இடத்தில் போய் நிற்கும். பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

நடக்கும் என்பதால்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி இது: அனிமோனை விடுவதற்கு முன் அலை மோட்டாருக்கும், தண்ணீர் உறிஞ்சும் எல்லா வாய்க்கும் ஸ்பாஞ்சு கவசம் போடுங்கள். என் இரண்டாவது அனிமோன் மூன்றாம் இரவில் மோட்டாரில் சிக்கி, காலையில் தொட்டி முழுக்கத் துண்டு துண்டாக மிதந்தது. நம்மூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பனியன் துணியைச் சுற்றியும் பார்த்தேன், இரண்டே நாளில் அடைத்து மோட்டார் சூடாகிவிட்டது. ஓட்டை பெரிதான ஸ்பாஞ்சுதான் சரி, வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

சில நாள் சுருங்கி, பழுப்பாக நூல் மாதிரி எதையோ துப்பும். அது கழிவு. அரை நாளில் மறுபடி விரிந்தால் பயமில்லை.

10. தீனி

நல்ல லைட் இருந்தால் வாரம் ஒருமுறை போதும். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் இறாலில் ஒன்றை எடுத்து, ஓடு நீக்கிக் கழுவி, பட்டாணி அளவுத் துண்டாக நறுக்கி உறைய வையுங்கள். வீட்டில் மஞ்சள் தூள் தடவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இதை நான் ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். இடுக்கியால் விரல்களின் மேல் வைத்தால் அதுவே வாய்க்கு இழுத்துக்கொள்ளும். துப்பிவிட்டால் துண்டு பெரிது, அல்லது அதற்குப் பசியில்லை. துப்பியதை உடனே எடுத்துவிடுங்கள். வந்த முதல் வாரம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் மீனைத் தனி வாளிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். அந்த மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கும், அனிமோனுக்கு அது விஷம்.

11. மோசமானால்

வாய் திறந்தே இருந்து, இரண்டு நாளாக விரியாமல், விரல்கள் கூழாகக் கரையத் தொடங்கினால் முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் அது பிழைக்காது. நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் விட்ட ஒரு இரவில்தான் மீன்கள் போயின. உடனே பாறையோடு வெளியே எடுங்கள். அன்றே 50 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள், சம்பில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பையில் போடுங்கள், ஸ்கிம்மரை முழு வேகத்தில் விடுங்கள். மூன்று நாள் காலையும் மாலையும் அம்மோனியா அளந்து பாருங்கள்.

இரவு பதினோரு மணிக்கு உப்பைக் கலக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே கலக்கி வைத்த உப்புத் தண்ணீர் இரண்டு 25 லிட்டர் கேன் எப்போதும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சிவப்பு மூடி போட்டு.